ஊசிக்குப் பயந்து ஊசியை விடாதீங்க

(ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பிள்ளைகள் நிலைய மண்டபத்தில் லயத்துக் குடும்பங்களுக்காக நடந்த சுகாதார வகுப்பில் தோட்ட வைத்திய உதவியாளர் ஆற்றிய உரை. முடிவில் கேட்கப்பட்ட கேள்விகளும் சேர்க்கப்பட்டுள்ளன.)



ஞாயிற்றுக்கிழமை என்றால் விறகு பொறுக்கணும், துணி துவைக்கணும், டவுனுக்குப் போய் சாமான் வாங்கணும். அத்தனையையும் ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் நேராக விஷயத்துக்கு வருகிறேன். சீனி வருத்தத்துக்கு வீட்டிலேயே இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் நம்முடைய டிவிசன்களில் பல பேர் இருக்கிறார்கள். அந்த ஊசியால் வருகிற தொந்தரவுகள் என்ன, அவற்றை எப்படிச் சமாளிப்பது என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் என்னுடைய தப்பு ஒன்றை உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். பல வருடங்களுக்கு முன் நான் வேறொரு தோட்டத்தில் வேலை பார்த்தேன். அங்கே கொழுந்து பறிக்கிற ஓர் அக்காவுக்கு ஆஸ்பத்திரி கிளினிக்கில் இன்சுலின் எழுதிக் கொடுத்தார்கள். சிரிஞ்சில் மருந்து எடுப்பது எப்படி, குத்துவது எப்படி என்று நான்தான் காட்டிக் கொடுத்தேன். அவர் கெட்டிக்காரி, ஒரே நாளில் பழகிவிட்டார்.

காலையில் ஐந்தரை மணிக்கு ஊசி போடுவார். சீனி வருத்தம் என்பதால் சீனி இல்லாமல் சாயத் தண்ணி குடிப்பார். பெரட்டுக்குப் போய், அங்கிருந்து உச்சி மலைக்கு ஏறுவார். ரொட்டியைப் பத்து மணிக்குத்தான் பிரிப்பார். ஒரு நாள் ஒன்பது மணி இருக்கும். உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, தேயிலைச் செடிக்கு நடுவிலே விழுந்துவிட்டார். பக்கத்து நிரையில் நின்றவர் தன் போத்தலில் இருந்த சீனி போட்ட தேத்தண்ணியைக் கொடுத்ததும் எழும்பிவிட்டார்.

அன்றைக்கே அவர் ஒரு முடிவு எடுத்துவிட்டார். "அந்த ஊசி என்னையக் கொல்லப் பாத்துச்சு, எனக்கு வேணாம்." என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் ஏசுவேன் என்று பயம். கிளினிக்குக்குப் போய் மருந்தை வாங்கி வந்து தட்டில் அடுக்கி வைத்தார், போடவில்லை. ஏழு மாதம் இப்படியே போனது. ஒரு மழைக்காலத்தில் காலில் அட்டை கடித்த இடம் புண்ணானது. சீனி கூடினதால் கால் விறைத்துப் போயிருந்தது, வலி தெரியவில்லை. என்னிடம் வந்தபோது இரண்டு விரல் கறுத்திருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் அந்த இரண்டு விரலையும் எடுத்தார்கள்.

அந்த அக்காவை ஊசி விழுத்தவில்லை. ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் மலை ஏறியதுதான் விழுத்தியது. குத்தக் கற்றுக்கொடுத்த நான், சாப்பிடச் சொல்லிக் கொடுக்கவில்லை. அதனால்தான் இன்றைக்கு இதை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதல் ஊசியே தோற்றது

இன்சுலின் கண்டுபிடித்து நூறு வருடம் தாண்டிவிட்டது. கனடா நாட்டில் டொரொன்டோ நகரத்தில் 1921ஆம் ஆண்டு பாண்டிங், பெஸ்ட் என்ற இரண்டு பேர் அதைப் பிரித்தெடுத்தார்கள். அதற்கு முன்பு சிறு பிள்ளைகளுக்குச் சீனி வருத்தம் வந்தால் பட்டினி போட்டு வைப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. பிள்ளை மெலிந்து மெலிந்து கண் முன்னால் இறந்துபோகும்.

1922 ஜனவரி 11ஆம் தேதி, லெனார்ட் தொம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி போட்டார்கள். என்ன நடந்தது தெரியுமா? சீனி கொஞ்சம்தான் இறங்கியது, குத்தின இடத்தில் கட்டி வந்துவிட்டது. மருந்தில் அழுக்கு இருந்தது. ஆனால் அவர்கள் "இது சரிவராது" என்று எறிந்துவிடவில்லை. கொலிப் என்ற இரசாயன அறிஞர் இராப் பகலாக இருந்து மருந்தைச் சுத்தம் பண்ணினார். 12 நாள் கழித்து, ஜனவரி 23ஆம் தேதி திரும்பவும் போட்டார்கள். சீனி இறங்கியது, பையனுக்குத் தெம்பு வந்தது. சாகக் கிடந்த அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு 13 வருடம் உயிரோடு இருந்தான்.

உலகத்தில் போட்ட முதல் இன்சுலின் ஊசிக்கே தொந்தரவு வந்தது. தொந்தரவு என்ன காரணத்தால் வந்தது என்று தேடிப் பிடித்ததால்தான் மருந்து நிலைத்தது. நாமும் அதைத்தான் செய்ய வேண்டும்.

சீனி இறங்கினால்

பெரிய தொந்தரவு இதுதான். உடம்பில் சீனி தேவைக்குக் கீழே இறங்கிவிடுவது. இரத்தத்தைச் சோதித்தால் 70க்குக் கீழே காட்டும். கை நடுங்கும், குளிர் நாளிலும் வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், அகோரப் பசி எடுக்கும், கண் மங்கும். சில பேருக்குக் காரணம் இல்லாமல் கோபம் வரும், பேச்சு குழறும். குடித்துவிட்டு உளறுகிறார் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

அந்த நேரத்தில் சோதித்துப் பார்க்கக் கருவி இல்லையென்றால் காத்திருக்க வேண்டாம். மூன்று அல்லது நான்கு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரிலோ தேத்தண்ணியிலோ கரைத்துக் குடிக்க வேண்டும். கால் மணி நேரம் உட்கார வேண்டும். குணம் தெரியவில்லையென்றால் இன்னொரு தடவை அதே அளவு. சரியானதும் ரொட்டியோ பாணோ சாப்பிட வேண்டும். சீனி மட்டும் குடித்துவிட்டு வேலைக்குத் திரும்பினால் மறுபடியும் இறங்கும்.

"சீனி வருத்தக்காரருக்குச் சீனி கொடுக்கலாமா?" என்று தயங்குகிறார்கள். அந்த நேரத்தில் சீனிதான் மருந்து.

ஆள் மயங்கிவிட்டால் வாயில் ஒன்றும் ஊற்றாதீர்கள். சுவாசக் குழாய்க்குள் போனால் உயிருக்கு ஆபத்து. ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். உடனே 1990க்கு அடியுங்கள். 2016இல் தொடங்கிய அந்த இலவச அம்புலன்ஸ் பிறகு நாடு முழுக்க வந்துவிட்டது. போனில் பேசும்போது தோட்டத்துப் பெயர், டிவிசன், வாகனம் வரக்கூடிய பெரிய ரோட்டில் எந்த இடம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஒருவர் அந்த இடத்தில் போய் நிற்கட்டும்.

வேலை நாளில்

நம் வேலை உட்கார்ந்து செய்கிற வேலை இல்லை. மலை ஏறினாலே உடம்பு சீனியை எரிக்கும். அதனால் சில பழக்கங்கள் கட்டாயம் வேண்டும்.

ஒன்று, சாப்பாடு கையில் இல்லாமல் ஊசியைக் கையில் எடுக்காதீர்கள். நம்மில் பல பேருக்குக் கொடுக்கிற, பால் போலக் கலங்கிய கலப்பு இன்சுலினைப் போட்டால், அரை மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும். அரை ரொட்டியும் சாயத் தண்ணியும் போதாது. வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் பெரட்டுக்குப் போங்கள். பத்து மணிக்கு இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்கள்.

இரண்டு, மலை ஏறுகிற நாளில் தொடையில் குத்தாதீர்கள். நடக்க நடக்கத் தொடையில் இரத்த ஓட்டம் கூடும், மருந்து வேகமாக இறங்கிவிடும். வயிற்றில் போடுவது நல்லது.

மூன்று, படங்குக்குள்ளே ஒரு சின்னப் பொலித்தீன் பையில் சீனி முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். மழையில் நனையாதபடி இரண்டு சுற்றுச் சுற்றுங்கள்.

நான்கு, பக்கத்து நிரையில் நிற்கிறவருக்கும் கங்காணிக்கும் சொல்லி வையுங்கள். "நான் ஊசி போடுறேன், நான் தடுமாறினா சீனித் தண்ணி குடுங்க" என்று சொல்வதில் வெட்கம் இல்லை. நோயை மறைத்தால் விழுகிற நேரத்தில் தூக்க ஆள் இருக்காது.

கட்டி, தழும்பு, வலி

ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தினால் தோலுக்குக் கீழே கொழுப்புச் சேர்ந்து மெத்தென்று கட்டி வரும். அங்கே குத்தினால் வலிக்காது. வலிக்காததால் ஆட்கள் அங்கேயே குத்துகிறார்கள். ஆனால் கட்டிக்குள் போன மருந்து ஒழுங்காக உடம்பில் சேராது. ஒரு நாள் சீனி ஏறும், ஒரு நாள் இறங்கும். "மருந்து வேலை செய்யல" என்று சொல்கிறவர்களை நான் முதலில் வயிற்றைத் தடவிப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

லயத்தில் மறைப்புக் கிடையாது என்பது எனக்குத் தெரியும். ஒரு காம்பராவில் ஆறு பேர். பெண்கள் அவசரத்தில் கைக்கு எட்டுகிற ஒரே இடத்தில், சில பேர் உடுப்புக்கு மேலேயே குத்திவிடுகிறார்கள். வீட்டு ஆண்களே, அந்த ஐந்து நிமிடம் நீங்கள் வெளியே நில்லுங்கள். இதுவும் ஒரு வைத்தியம்தான்.

இடம் மாற்றுவதற்கு ஒரு சுலபமான வழி. தொப்புளைச் சுற்றி இரண்டு விரல் அகலம் விட்டுவிடுங்கள். மிச்ச வயிற்றை நான்கு பங்காக நினையுங்கள். ஒரு கிழமைக்கு ஒரு பங்கு. அந்தப் பங்குக்குள்ளும் நேற்றுக் குத்தின இடத்துக்கு ஒரு விரல் தள்ளிக் குத்துங்கள். ஒரு மாதத்தில் சுற்றி வந்துவிடும்.

ஏற்கெனவே கட்டி உள்ளவர்கள் கவனிக்க வேண்டும். கட்டியை விட்டு நல்ல இடத்துக்கு மாறினால் மருந்து முழுதாகச் சேரும், அதே அளவுக்குச் சீனி அதிகமாக இறங்கலாம். அதனால் மாற்றுவதற்கு முன் டிஸ்பென்சரிக்கு வந்து சொல்லுங்கள். அளவைக் குறைக்க வேண்டுமா என்று டொக்டரிடம் கேட்போம். நீங்களாக அளவை மாற்ற வேண்டாம்.

குத்தும்போது சுடுகிறது, வலிக்கிறது என்றால் பெரும்பாலும் காரணம் மூன்று. மருந்து சில்லென்று இருப்பது, ஸ்பிரிட் காயும் முன் குத்துவது, மொட்டை ஊசி. போத்தலைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துச் சூடாக்குங்கள். கலங்கிய மருந்தை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் மெதுவாக உருட்டுங்கள், குலுக்க வேண்டாம். ஒவ்வொரு தடவையும் புது ஊசிதான் முறை. குத்தி மருந்து இறங்கிய பின் பத்து வரை எண்ணிவிட்டு வெளியே எடுங்கள். கொஞ்சம் இரத்தம் கசிந்தால், நீலம் பாய்ந்தால் பயப்பட வேண்டாம். அழுத்திப் பிடியுங்கள், தேய்க்காதீர்கள். ஆனால் உடம்பெல்லாம் தடிப்பு வந்தால், மூச்சு வாங்கினால் அது வேறு. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

புதிதாகத் தொடங்கியவர்களுக்கு முதல் சில கிழமை கண் மங்கலாகத் தெரியலாம். சீனி மாறும்போது கண் வில்லையும் மாறுவதால் வருவது அது. அவசரப்பட்டுப் புதுக் கண்ணாடி வாங்காதீர்கள், தன்னால் சரியாகும். ஆகாவிட்டால் கண் கிளினிக்கில் காட்டுங்கள். உடம்பு கொஞ்சம் போடுவதும் உண்டு. சீனி சிறுநீரில் வீணாகப் போகாமல் உடம்பில் சேர்வதால்தான் அது.

மருந்தை எங்கே வைப்பது?

இந்த விஷயத்தில் நம் மலைநாடு நமக்கு உதவி செய்கிறது. திறக்காத போத்தலுக்கு 2 முதல் 8 பாகை வரை குளிர் வேண்டும். அதற்குக் குளிர்சாதனப் பெட்டிதான் சரி, உறைய வைக்கிற தட்டில் வைக்கக் கூடாது. வீட்டில் பெட்டி இல்லாதவர்கள் டிஸ்பென்சரியில் கொடுத்து வையுங்கள். திறந்த போத்தலை வெயில் படாத இடத்தில் நாலு கிழமை வரை வீட்டில் வைத்துப் பாவிக்கலாம். திறந்த தேதியைப் போத்தலில் எழுதுங்கள்.

நம் ஊர் குளிர்தான், ஆனால் அடுப்படி குளிர் இல்லை. அடுப்புக்கு மேல் பரணிலும், தகரக் கூரைக்குக் கீழே வெயில் இறங்குகிற இடத்திலும் மருந்து கெட்டுவிடும். ஒரு மண்சட்டியில் ஈர மணல் போட்டு, அதற்குள் சின்னச் சட்டி வைத்து, போத்தலைப் பொலித்தீனில் சுற்றி அதில் வையுங்கள், போதும். நுவரெலியாப் பக்கம் ஜனவரி, பெப்ரவரியில் இரவு உறைபனி விழும் நாட்களும் உண்டு. அப்போது ஜன்னல் ஓரத்தில் வைக்காதீர்கள். உறைந்த மருந்து உருகினாலும் உதவாது. தெளிவான மருந்து கலங்கினாலும், கலங்கிய மருந்தில் கட்டி கட்டியாகத் தெரிந்தாலும் பாவிக்க வேண்டாம்.

பாவித்த ஊசியை மூடி உள்ள தடித்த பிளாஸ்டிக் போத்தலில் போட்டு, நிறைந்ததும் டிஸ்பென்சரியில் கொடுங்கள். கானிலும் பீலிக்கரையிலும் எறிந்தால் வெறுங்காலோடு ஓடுகிற பிள்ளைக்குத்தான் குத்தும். ஒருவர் ஊசியை இன்னொருவர் பாவிக்கவே கூடாது, புருஷன் பெண்சாதியாக இருந்தாலும்.

கேட்கப்பட்ட கேள்விகள்

ஒரு தாய்: "காய்ச்சல், வாந்தி, சாப்பிட முடியல. அன்னைக்கும் ஊசி போடணுமா ஐயா?"

நல்ல கேள்வி அம்மா. காய்ச்சல் நாளில் சாப்பிடாவிட்டாலும் சீனி ஏறும். முழுதாக நிறுத்தினால் ஆபத்து, வழமையான அளவைப் போட்டாலும் சில நேரம் ஆபத்து. அதனால் அன்றைக்கே டிஸ்பென்சரிக்கு வந்து சோதித்து அளவு கேளுங்கள். கஞ்சித் தண்ணி அடிக்கடி குடியுங்கள். வாந்தி நிற்காவிட்டால், மூச்சு ஆழமாக இழுத்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். திருவிழா விரதத்துக்கும் இதே சட்டம்தான், முன்னாடியே கேட்டுவிட்டுப் பிடியுங்கள்.

ஒரு பெண்: "எங்க வீட்டுக்காரரு பொழுதுபட்டா கொஞ்சம் போடுவாரு. ஊசியும் போடுறாரு."

வெறும் வயிற்றில் சாராயமோ கசிப்போ குடித்துவிட்டு ஊசியும் போட்டால் நடுச்சாமத்தில் சீனி இறங்கும். வெறி என்று நினைத்து நீங்கள் தூங்க விட்டுவிடுவீர்கள், விடியும்போது ஆள் எழும்ப மாட்டார். ஐயா, நீங்களும் இங்கேதான் இருக்கிறீர்கள், கேட்டுக்கொள்ளுங்கள். விட்டுவிடுவதே நல்லது.

ஒரு பெரியவர்: "இந்தியாவுல இருக்குற மகன் மருந்துப் போத்தல் அனுப்பியிருக்கான். போடலாமா?"

கொண்டு வந்து காட்டுங்கள் பெரியவரே. அங்கே ஒரு மில்லிலீட்டரில் 40 அலகு உள்ள போத்தல் பரவலாக உண்டு, 100 அலகு உள்ளதும் உண்டு. போத்தலில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். மாறினால் இரண்டரை மடங்கு கூடலாம், குறையலாம். வெயிலில் வந்த மருந்தா என்பதையும் பார்க்க வேண்டும்.

ஒரு இளைஞர்: "என் அக்காவுக்குச் சீனி இல்ல. நரம்பு நோய்னு சொல்லி வேற ஊசி குடுத்திருக்காங்க. போட்ட ராத்திரி எல்லாம் காய்ச்சல் நடுக்கம். விட்டுரலாமான்னு கேக்குறாங்க."

தம்பி, நீங்கள் கொண்டு வந்த துண்டைப் பார்த்தேன். மல்டிப்பிள் ஸ்கிளரோசிஸ் என்ற நோய். உடம்பின் பாதுகாப்புப் படையே நரம்பின் மேல் உறையைத் தாக்குகிறது. நம் பக்கத்தில் அரிது, குளிர் தேசங்களில் அதிகம். அந்த ஊசி இன்டர்பெரோன் பீட்டா. 1993இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த மருந்து. போட்ட சில மணி நேரத்தில் காய்ச்சல், உடம்பு உளைவு வருவது அதன் குணம். பலருக்கு இரண்டு மூன்று மாதத்தில் குறைந்துவிடும். படுக்கப் போகும் முன் போட்டால் தூக்கத்திலேயே கொஞ்சம் கழிந்துவிடும். பரசிற்றமோல் எப்போது, எவ்வளவு என்று கிளினிக்கில் கேட்டுப் போடலாம். இடம் மாற்றுவதும் சில்லென்று குத்தாமல் இருப்பதும் அதற்கும் பொருந்தும். ஈரலைப் பார்க்க இரத்தச் சோதனைக்குக் கூப்பிடுவார்கள், தவறாமல் போகச் சொல்லுங்கள். கண் மஞ்சளானால், குத்தின இடம் கறுத்துப் புண்ணானால், மனம் தாங்காத துக்கம் வந்தால் உடனே சொல்ல வேண்டும். அக்காவை விடச் சொல்லாதீர்கள், டொக்டரிடம் பேசச் சொல்லுங்கள். அவர் மருந்தை மாற்றவும் கூடும். அது அவர் செய்ய வேண்டிய முடிவு.

முடிவாக ஒரு வார்த்தை

2022இல் மருந்துத் தட்டுப்பாடும் பெற்றோல் தட்டுப்பாடும் வந்தபோது, சில பேர் இருந்த மருந்தைப் பாதி பாதியாகப் போட்டார்கள். என்னிடம் சொன்னவர்களுக்கு ஏதாவது ஒரு வழி பார்க்க முடிந்தது. சொல்லாதவர்களுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை.

நான் முதலில் சொன்ன அந்த அக்கா பிறகு திரும்பவும் ஊசி போட்டார். வயிறாரச் சாப்பிட்டு, இடம் மாற்றி, படங்கில் சீனி முடிந்துகொண்டு மலைக்குப் போனார். காலில் மிச்சம் இருந்த எட்டு விரலோடு ஓய்வு பெறும் வரை கொழுந்து எடுத்தார். ஒரு நாள் என்னிடம் கேட்டார், "இதையெல்லாம் மொதல்லயே சொல்லியிருந்தா என் வெரலு இருந்திருக்கும் இல்லையா ஐயா?" எனக்குப் பதில் வரவில்லை.

அதனால் உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். ஊசியால் என்ன தொந்தரவு வந்தாலும் மருந்தைத் தட்டில் அடுக்கி வைக்காதீர்கள். டிஸ்பென்சரிப் படி ஏறி வந்து, "ஐயா, இப்படி ஆகுது" என்று சொல்லுங்கள். ஏசமாட்டேன். சொல்லித் தராமல் விட்டது என் பக்கத்துத் தப்பு, சொல்லாமல் விடுவது உங்கள் பக்கத்துத் தப்பாக இருக்க வேண்டாம்.

ஊசி போடுகிறவர்கள் வரிசையாக வாருங்கள், குத்துகிற இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டுப் போகலாம். பெண்களை நர்ஸ் அம்மா உள் அறையில் பார்ப்பார்.